திருடு போன துப்பாக்கியை 'டிரேஸ்' செய்வதும் விற்பனைப் பதிவுச் சண்டையும்: அமெரிக்க நடைமுறை

கேள்விக்குறி:
அமெரிக்காவில் கடையில் துப்பாக்கி வாங்கினால் படிவம் நிரப்புகிறார்கள், எஃப்பிஐ சோதனை நடக்கிறது. அப்படியிருந்தும் குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி சிக்கினால் அது யார் வாங்கியது என்று கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகிறது என்கிறார்கள். கார் நம்பரைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வந்துவிடுகிறது. துப்பாக்கிக்கு மட்டும் ஏன் வராது? அதுவும் திருட்டுத் துப்பாக்கி என்றால் எப்படித் தேடுகிறார்கள்? கட்சிப் பேச்சு வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசீதுக்கட்டு:
இது இரண்டு தனித்தனி வேலை. டிவி விவாதங்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதல் வேலை, "இது திருட்டுப் பொருளா?" என்று பார்ப்பது. அதற்கு எஃப்பிஐயின் என்சிஐசி கணினி இருக்கிறது. 1967ல் தொடங்கியபோதே துப்பாக்கிக்கென்று தனிக் கோப்பு உண்டு. ரோந்துக் காவலர் வண்டியில் உட்கார்ந்தபடியே சீரியல் நம்பரைத் தட்டினால் உடனே பதில் வரும். ஆனால் அதற்கு முன் யாராவது புகார் கொடுத்திருக்க வேண்டும், புகாரில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், உள்ளூர் போலீஸ் அதை ஏற்றியிருக்க வேண்டும். "கறுப்பு கலர் 9 எம்எம், கார் டேஷ்போர்டில் இருந்தது" என்ற புகாரை அந்தக் கோப்புக்குள் ஏற்றவே முடியாது.

இரண்டாவது வேலைதான் டிரேஸ். "இதைக் கடையில் முதலில் வாங்கியது யார்?" என்பது மட்டுமே அதன் கேள்வி. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் ஏடிஎஃப் (துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) நடத்தும் தேசிய டிரேசிங் மையம்தான் நாடு முழுவதற்கும் இதைச் செய்கிறது. 2022ல் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் கோரிக்கைகள் வந்தன. காவல்துறைதான் கேட்க முடியும், அதுவும் குற்ற விசாரணைக்காக மட்டும். தனிநபர், வக்கீல், பத்திரிகைக்காரர் யார் கேட்டாலும் கிடைக்காது.

நடைமுறை இப்படி: போலீஸ் 'ஈ-டிரேஸ்' தளத்தில் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், மாடல், கேலிபர் (தோட்டா அளவு), சீரியல் நம்பர் கொடுக்கும். மையத்தில் இருப்பவர் தயாரிப்பு நிறுவனத்தைக் கேட்பார்: இந்த நம்பரை எந்த மொத்த வியாபாரிக்கு அனுப்பினீர்கள்? பிறகு மொத்த வியாபாரியை: எந்தக் கடைக்குப் போனது? பிறகு கடைக்குத் தொலைபேசி: யாருக்கு விற்றீர்கள்? கடைக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அவர் தன் பதிவேட்டைப் புரட்டி, படிவத்தை எடுத்து, பெயரைச் சொல்வார். அவ்வளவுதான் டிரேஸ். கணினியில் தட்டினால் பெயர் வராததற்குக் காரணம், அந்தப் பெயர் கடைக்காரரின் அலமாரியில் மட்டும்தான் இருக்கிறது.

கேள்விக்குறி:
எஃப்பிஐ சோதனை செய்யும்போது பெயர் அவர்களிடம் போகிறதே? அங்கே இருக்காதா?

பதிவேடு பரமன்:
போகும், நிற்காது. எஃப்பிஐயின் நிக்ஸ் சோதனை 1998 நவம்பர் 30ல் தொடங்கியது. சோதனையில் அனுமதி கிடைத்துவிட்டால் வாங்குபவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். முன்பு 90 நாள் வைத்திருந்தார்கள். 2004லிருந்து 24 மணி நேரம். மிஞ்சுவது பரிவர்த்தனை எண்ணும் தேதியும்தான். அதோடு, நிக்ஸுக்கு எந்தத் துப்பாக்கி என்பதே தெரியாது. கைத்துப்பாக்கியா, நீளத் துப்பாக்கியா (ரைஃபிள், ஷாட்கன்), வேறா என்ற வகை மட்டும் போகும். சீரியல் நம்பர் போகாது.

கடையில் இரண்டு ஆவணம் உண்டு. ஒன்று ஏ அண்ட் டி பதிவேடு, கடைக்காரர்கள் 'பவுண்ட் புக்' என்பது. இடது பக்கம் வரவு: யாரிடமிருந்து, என்றைக்கு, தயாரிப்பாளர், இறக்குமதியாளர், மாடல், சீரியல் நம்பர், வகை, கேலிபர். வலது பக்கம் செலவு: யாருக்கு, என்றைக்கு. சரக்கு வந்தால் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் வரவு எழுத வேண்டும். விற்றால் 7 நாளுக்குள் செலவு. இரண்டாவது ஆவணம் படிவம் 4473. வாங்குபவர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போடுவது, பொய் சொன்னால் கூட்டாட்சிக் குற்றம். இது எங்கும் அனுப்பப்படுவதில்லை. கடையிலேயே இருக்கும்.

ஆகவே டிரேஸ் நன்றாக நடப்பதும் கெடுவதும் அந்தக் கடையில் யார் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது. அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் மொத்த வியாபாரியின் பில்லையோ பெட்டி லேபிளையோ பார்த்து எழுதிவிடுவது. ஒரே மாடல் 2 வாங்கி, காட்டும்போது பெட்டி மாறிப்போனால், இரண்டு வாடிக்கையாளரும் மற்றவர் நம்பரோடு வீட்டுக்குப் போவார்கள். ஐந்து வருடம் கழித்து ஒன்று திருடு போய் எங்கோ சிக்கினால், டிரேஸ் போய்க் கதவு தட்டுவது சம்பந்தமே இல்லாத ஆள் வீட்டில். பில்லில் இருப்பதை ஃபிரேமில் (துப்பாக்கியின் உடற்சட்டத்தில்) இருப்பதோடு ஒத்துப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாத கடைகள் நிறைய.

இரும்புச்சத்தம்:
பரமன் சொன்னதோடு போலீஸ் பக்கத் தவறுகளையும் சேர்க்க வேண்டும். டிரேஸ் தோற்பதற்கு நம்பரைத் தப்பாகப் படிப்பது பெரிய காரணம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடங்கள்:

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர். சிலிண்டரைத் திறந்ததும் அதைத் தாங்கும் கை தெரியும். அதில் ஒரு எண் இருக்கும். அது தொழிற்சாலையில் பாகம் பொருத்தும்போது போடும் எண், சீரியல் நம்பர் இல்லை. பக்கத்திலேயே "மாட் 10-5" என்பது போல இருப்பது மாடல். பழைய ரிவால்வரில் நிஜ நம்பர் கைப்பிடியின் அடிப்பாகத்தில், ஃபிரேமில் இருக்கும். பெரிய ரப்பர் பிடி மாட்டியிருந்தால் மறைந்துவிடும். திருகைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

க்ளாக். ஸ்லைடு (மேலே நகரும் பாகம்), பேரல் (குழாய்), ஃபிரேம் மூன்றிலும் நம்பர் உண்டு. ஸ்லைடும் பேரலும் மாற்றக்கூடிய பாகங்கள். சட்டப்படி துப்பாக்கி என்பது ஃபிரேம்தான். அதன் அடியில் பிளாஸ்டிக்கில் பதித்த சின்ன உலோகத் தகட்டில் இருப்பதே கணக்கு. சிக் பி320 இன்னும் வேறு மாதிரி. வெளியே தெரியும் பிளாஸ்டிக் பிடி வெறும் உறை. நம்பர் உள்ளே இருக்கும் எஃகுச் சட்டத்தில். உறையில் உள்ள ஓட்டை வழியாகப் படிக்க வேண்டும்.

இறக்குமதித் துப்பாக்கியில் இன்னொரு தலைவலி. ஆஸ்திரியா, பிரேசில், துருக்கி எங்கே செய்ததாக இருந்தாலும் டிரேஸ் தொடங்குவது அமெரிக்க இறக்குமதியாளரிடமிருந்து. அந்தப் பெயரும் ஊரும் பேரலிலோ ஃபிரேமிலோ பொடி எழுத்தில் இருக்கும். அதை எழுதாமல் விட்டால் கோரிக்கை திரும்பி வந்துவிடும். ஒரே சீரியல் நம்பர் இரண்டு நிறுவனத்தின் துப்பாக்கிகளில் இருக்கலாம். நம்பர் மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

0க்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும், 8க்கும் பி எழுத்துக்கும் உள்ள குழப்பம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காப்புரிமை எண்ணைச் சீரியல் நம்பர் என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

மழைக்கோட்டு:
நம்பரைச் சுரண்டிவிட்டால்?

இரும்புச்சத்தம்:
சுரண்டியதை வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம், 5 வருடம் வரை. தடயவியல் கூடத்தில் மீட்க வழி உண்டு. நம்பரை அச்சு அடிக்கும்போது மேலே தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் நசுங்கியிருக்கும். மேல்பரப்பை மெருகேற்றி அமிலக் கலவை தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கும், நம்பர் மங்கலாக எழும்பி வரும். எஃகுக்கு ஃப்ரை கலவை: 90 கிராம் குப்ரிக் குளோரைடு, 120 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மில்லி தண்ணீர். அலுமினியத்துக்கு இது ஆகாது, அதற்கு வேறு கலவை. எல்லா இலக்கமும் ஒரே நேரத்தில் தெரியாது. ஒன்று எழும்பும்போது இன்னொன்று மறைந்துபோகும். அதனால் ஒவ்வொரு துடைப்புக்கும் படம் எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு இலக்கம் வராவிட்டாலும் பாதி நம்பரை வைத்து என்சிஐசியில் ஊகித்துத் தட்டிப் பார்க்கலாம்.

2002 ஜனவரி 30க்குப் பிறகு தயாரிக்கும் துப்பாக்கியில் நம்பரின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், எழுத்தின் உயரம் குறைந்தது 1/16 அங்குலம் இருக்க வேண்டும் என்று விதி வந்ததே இதற்காகத்தான். நம்பரைக் கட்டாயமாக்கிய 1968 சட்டத்துக்கு முன் செய்த மலிவு ரைஃபிள், ஷாட்கன் பலவற்றில் நம்பரே கிடையாது. அது வேறு கதை.

கேள்விக்குறி:
கடையே மூடிப்போயிருந்தால்?

ரசீதுக்கட்டு:
அதுதான் இந்த அமைப்பின் வேடிக்கையான பகுதி. கடையை மூடினால், வேறு யாரும் எடுத்து நடத்தாவிட்டால், 30 நாளுக்குள் பதிவேடும் 4473களும் மார்ட்டின்ஸ்பர்க்குக்குப் போக வேண்டும். அட்டைப் பெட்டி பெட்டியாக வருகின்றன. வெள்ளத்தில் நனைந்தது, ஒட்டிக்கொண்டது, கையெழுத்து புரியாதது எல்லாம் அதில் உண்டு. கட்டடத்தின் தளம் தாங்காது என்று பயந்து பெட்டிகளைக் கப்பல் கண்டெய்னர்களில் வாகன நிறுத்தத்தில் வைத்த காலமும் இருந்தது. 2021 நவம்பர் நிலவரப்படி மூடிய கடைகளின் ஆவணம் சுமார் 92 கோடி. அதில் பெரும்பகுதி ஸ்கேன் ஆகிவிட்டது.

ஸ்கேன் என்றதும் தேடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவை வெறும் படங்கள். கடையின் லைசென்ஸ் எண்ணை வைத்து அந்தக் கடையின் கட்டைத் திறக்கலாம்; அதற்குப் பிறகு ஊழியர் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். பெயரைத் தட்டித் தேடும் வசதி வேண்டுமென்றே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, சட்டம் அப்படி. சாதாரண டிரேஸுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆவதும் இதனால்தான். அவசரம் என்றால் எல்லோரையும் ஒரே வேலையில் போடுவார்கள். 1981ல் ரீகனைச் சுட்ட ரிவால்வரை 16 நிமிடத்தில் டல்லாஸ் அடகுக்கடை வரை கொண்டுபோனார்கள். 2024 ஜூலையில் பென்சில்வேனியாவின் பட்லரில் நடந்த கூட்டத்தில் டிரம்பைச் சுட்ட ரைஃபிள், மூடிப்போன கடையில் வாங்கியது. அதற்கும் அரைமணி நேரத்துக்குள் பதில் கிடைத்தது. பெரிய வழக்கு என்றால் நிமிடம், உள்ளூர்த் திருட்டு என்றால் வாரம்.

ஹூஸ்டன் குமரன்:
"சட்டம் அப்படி" என்று ஒரே வரியில் போய்விட்டீர்கள். அந்தச் சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. 1978ல் ஏடிஎஃப், கடைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனை விவரம் அனுப்ப வேண்டும் என்று விதி கொண்டுவரப் பார்த்தது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதை நிறுத்தியது. அதற்கடுத்து ஒவ்வொரு வருட நிதி ஒதுக்கீட்டிலும், கடைப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்ட ஒரு டாலர்கூடச் செலவழிக்கக் கூடாது என்று எழுதி வருகிறார்கள். 1986 சட்டம் இன்னும் தெளிவு: துப்பாக்கிக்கோ உரிமையாளருக்கோ பரிவர்த்தனைக்கோ பதிவு முறை எதையும் இந்த விதிகளின் பெயரில் உருவாக்கக் கூடாது. பட்டியல் இருந்தால் ஒருநாள் அந்தப் பட்டியலோடு கதவு தட்டுவார்கள் என்பதுதான் பயம். அது வெறும் கற்பனை என்று சொல்லாதீர்கள். நியூயார்க் நகரம் 1967ல் நீளத் துப்பாக்கிகளைப் பதிவு செய்யச் சொன்னது. 1991ல் சில வகைகளைத் தடை செய்தபோது அதே பட்டியலைப் பார்த்து உரிமையாளர்களுக்குக் கடிதம் போனது.

பட்டியல் கசிவதும் நடக்கிறது. 2012 டிசம்பரில் நியூயார்க் புறநகர்ப் பத்திரிகை ஒன்று கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருப்போரின் பெயர், முகவரியை வரைபடமாகப் போட்டது. 2022 ஜூனில் கலிஃபோர்னியா நீதித்துறையின் இணையப் பக்கத்திலிருந்தே அனுமதி பெற்றோரின் விவரம் வெளியே போனது. திருடனுக்கு இதைவிட நல்ல விலாசப் புத்தகம் உண்டா?

தேம்பாவணி:
குமரன் சொன்ன கசிவுகள் இரண்டும் நடந்தவை, மறுக்கவில்லை. ஆனால் பதிவு இல்லாததால் என்ன நடக்கிறது என்பதற்கும் ஒரு வழக்கு சொல்கிறேன்.

2002 அக்டோபரில் வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் ஒளிந்திருந்து சுட்டவர்களின் காரில் கிடைத்தது புஷ்மாஸ்டர் எக்ஸ்எம்-15 ரைஃபிள். டிரேஸ் போட்டார்கள். தயாரிப்பாளர் சொன்னார்: வாஷிங்டன் மாநிலம் டகோமாவில் உள்ள புல்ஸ் ஐ கடைக்கு அனுப்பினோம். கடைக்காரரின் பதிவேட்டில் வரவு இருக்கிறது, செலவு இல்லை. 4473ம் இல்லை. விற்றதாகவும் காட்டவில்லை, திருடு போனதாகவும் புகார் இல்லை. டிரேஸ் வந்து நின்ற பிறகுதான் "அது காணவில்லை" என்றார்கள். கணக்கெடுத்தால் சுமார் 3 வருடத்தில் 238 துப்பாக்கிகளுக்குக் கணக்கு இல்லை. 2003ல் லைசென்ஸ் ரத்து, 2004ல் பாதிக்கப்பட்டோருக்குக் கடையும் தயாரிப்பாளரும் சேர்ந்து 25 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம்.

இவ்வளவு நடந்த அதே 2003-2004ல் காங்கிரஸ் என்ன செய்தது தெரியுமா? டியார்ட் திருத்தம். டிரேஸ் விவரத்தைப் பொதுவில் வெளியிடக் கூடாது, கடைகள் ஆண்டுக்கு ஒருமுறை சரக்கை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று ஏடிஎஃப் கட்டாயப்படுத்தக் கூடாது. 1986 சட்டப்படி ஏற்கெனவே வாரண்ட் இல்லாமல் வழக்கமான ஆய்வு 12 மாதத்துக்கு ஒருமுறைதான். பெட்டிக்கடையில்கூட மாதம் ஒருமுறை ஸ்டாக் எடுக்கிறார்கள்.

ஹூஸ்டன் குமரன்:
புல்ஸ் ஐ ஏற்கெனவே இருந்த சட்டத்தை மீறிய கடை. திருட்டு, தொலைப்பு தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்கும் உள்ளூர் போலீஸுக்கும் சொல்ல வேண்டும் என்பது அப்போதே சட்டம். புதுப் பட்டியல் அதைத் தடுத்திருக்காது. மேரிலாண்டில் புதுக் கைத்துப்பாக்கி ஒவ்வொன்றின் வெற்றுத் தோட்டாக் கூட்டையும் சேகரித்து 'விரல்ரேகை' வைத்தார்கள். 15 வருடம், 3 லட்சத்துக்கு மேற்பட்ட கூடுகள். 2015ல் மூடிவிட்டார்கள். கனடாவில் துப்பாக்கி உரிமம், பதிவுத் திட்டத்துக்கு நிகரச் செலவு 20 லட்சம் டாலர் என்று தொடங்கி, 100 கோடியைத் தாண்டும் என்று 2002ல் தலைமைத் தணிக்கையாளரே எழுதினார். அதில் நீளத் துப்பாக்கிப் பதிவை 2012ல் ரத்து செய்தார்கள்.

தேம்பாவணி:
மேரிலாண்ட் திட்டம் தோட்டாக் கூட்டைப் பற்றியது, விற்பனைப் பதிவைப் பற்றியது இல்லை. அதை இங்கே இழுக்காதீர்கள். கனடாவில் கியூபெக் மாநிலம் 2018ல் தன் சொந்தப் பதிவைத் தொடங்கியதையும் சொல்லியிருக்கலாம். கலிஃபோர்னியா மாநில அளவில் கைத்துப்பாக்கி விற்பனையைப் பல வருடமாகவும், நீளத் துப்பாக்கியை 2014லிருந்தும் கணினியில் வைத்திருக்கிறது. கூட்டாட்சி அரசே 1934லிருந்து இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர் வகைக்குப் பதிவேடு வைத்திருக்கிறது.

கல்லணைக்காரி:
நம் ஊரில் லைசென்ஸ் புத்தகத்திலேயே எந்தத் துப்பாக்கி, என்ன எண் என்று எழுதியிருக்கும். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அங்கே அப்படி ஒன்றுமே இல்லையா?

பதிவேடு பரமன்:
பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. தனிநபர் தனிநபருக்கு விற்றால் பல மாநிலங்களில் 4473ம் கிடையாது, சோதனையும் கிடையாது. கைகுலுக்கல்தான். அதனால்தான் டிரேஸ் முதல் வாங்குபவரோடு முடிந்துவிடுகிறது. அவர் 2009ல் வாங்கி, 2013ல் மச்சானுக்கு விற்று, மச்சான் 2016ல் துப்பாக்கிக் கண்காட்சியில் விற்று, அங்கே வாங்கியவரிடமிருந்து 2021ல் திருடு போயிருந்தால், மார்ட்டின்ஸ்பர்க் சொல்லப்போவது 2009 ஆளின் பெயரை மட்டும். மீதி மூன்று அடியையும் துப்பறிவாளர் நடந்தே போக வேண்டும். டிரேஸ் போட்டதில் சுமார் நான்கில் மூன்று பங்குதான் ஒரு வாங்கியவர் பெயர் வரையாவது போகிறது.

இங்கேதான் திருட்டு விஷயம் உள்ளே வருகிறது. கடைக்குப் புகார் கட்டாயம். தனிநபருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: நியூயார்க் 24 மணி நேரம், நியூஜெர்சி 36, வர்ஜீனியா 48, கனெக்டிகட் 72, கலிஃபோர்னியா 5 நாள். டெக்சாஸ், ஜார்ஜியா மாதிரி இடங்களில் சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. அதனால் பிறருக்காக வாங்கிக் கொடுக்கும் பினாமி வாங்குபவருக்கு ஒரு தயார் பதில் கிடைக்கிறது. டிரேஸ் அவர் வீட்டுக்கு வந்ததும், "அதுவா, போன வருடமே திருடு போயிற்றே." புகார்? "கொடுக்கவில்லை." பொய் என்று நிரூபிப்பது போலீஸ் தலையில். வாங்கிய நாளுக்கும் சிக்கிய நாளுக்கும் உள்ள இடைவெளி 3 வருடத்துக்குள் இருந்தால் ஏடிஎஃப் சந்தேகத்தோடு பார்க்கும். ஒரே ஆள் பெயரில் இப்படி இரண்டு மூன்று வந்தால் வழக்கு சூடு பிடிக்கும். 5 வேலைநாளுக்குள் ஒருவருக்கே 2 கைத்துப்பாக்கி விற்றால் கடைக்காரர் தனியாக அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும் இதற்காகத்தான். 2022 ஜூன் சட்டத்தில் பினாமி வாங்கல் தனிக் குற்றமாகி 15 வருடம் வரை ஆகியிருக்கிறது.

ஹூஸ்டன் குமரன்:
புகார் சட்டத்தில் எனக்கு உள்ள சிக்கல், அது திருட்டுக் கொடுத்தவரையே தண்டிக்கிறது. காரில் இருந்தது காணாமல் போனதை இரண்டு வாரம் கழித்துக் கவனிப்பவர்தான் அதிகம்.

பதிவேடு பரமன்:
கடிகாரம் ஓடத் தொடங்குவது திருடு போன நேரத்திலிருந்து இல்லை, தெரிந்த நேரத்திலிருந்து. தெரிந்திருக்க வேண்டிய நேரம் என்றும் சில மாநிலங்கள் எழுதியிருக்கின்றன, அதில் வாதம் உண்டு.

மழைக்கோட்டு:
கடையில் உடைத்துத் திருடினால் கடைக்காரர் என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

பதிவேடு பரமன்:
போலீஸைக் கூப்பிட்டு, கைரேகை எடுத்து முடிக்கும்வரை எதையும் தொடக் கூடாது. பிறகு பதிவேட்டில் செலவு எழுதாத வரிகளை மட்டும் அச்சடித்து, ஒவ்வொரு துப்பாக்கியையும் கையில் எடுத்து நம்பரைப் படித்து டிக் போட வேண்டும். ஒருவர் படிக்க ஒருவர் டிக் போடுவது நல்லது. மிஞ்சும் வரிகள்தான் காணாமல் போனவை. ஆனால் அதிலும் சலிக்க வேண்டும்: பழுதுபார்க்க அனுப்பியது, விற்றும் செலவு எழுதாதது, தயாரிப்பாளருக்குத் திருப்பியது. 4473 கட்டோடு ஒத்துப் பார்த்தால் பாதி அங்கேயே தெளிந்துவிடும்.

எல்லாம் சரிபார்த்து முடிந்தபின் சொல்லலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தப்பு. 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப்புக்குத் தொலைபேசி, உள்ளூர் போலீஸுக்குப் புகார், ஏடிஎஃப்பின் திருட்டு அறிக்கைப் படிவம் 3310.11. பிறகு கிடைத்ததைத் திருத்தி அனுப்பலாம், தாமதத்தைத் திருத்த முடியாது. ஏடிஎஃப் ஒரு சம்பவ எண் தரும். பதிவேட்டில் செலவுப் பக்கத்தில் "திருட்டு" என்று போட்டு அந்த எண்ணையும் போலீஸ் புகார் எண்ணையும் 7 நாளுக்குள் எழுத வேண்டும். துப்பாக்கி திரும்பக் கிடைத்தால் பழைய வரியை அடித்துவிடக் கூடாது. புது வரவாக எழுத வேண்டும்.

தேம்பாவணி:
2022 ஆகஸ்ட் 24 விதியை யாரும் சொல்லவில்லையே. அதற்கு முன் 20 வருடம் தாண்டிய 4473களைக் கடைக்காரர் அழிக்கலாம். இப்போது கடை நடக்கும்வரை வைத்திருக்க வேண்டும். பழைய துப்பாக்கி சிக்கும்போது "அழித்துவிட்டோம்" என்ற பதில் இதனால் குறையும்.

ஹூஸ்டன் குமரன்:
அதையேதான் நாங்கள் பின்வாசல் பதிவேடு என்கிறோம். அழிக்கவே கூடாது, கடை மூடினால் எல்லாம் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு. இன்றைக்குத் தேடல் பொத்தான் அணைத்திருக்கிறது. நாளைக்கு யாராவது போட்டால் 92 கோடியும் ஒரே பட்டியல். 2016ல் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓவின் தணிக்கையே ஏடிஎஃப்பின் 4 கணினித் தொகுப்புகளில் 2ல் விதிமீறல் கண்டது.

ரசீதுக்கட்டு:
அந்தத் தணிக்கை கண்டது, சில மூடிய கடைகளின் பதிவு சேரக் கூடாத தொகுப்பில் சேர்ந்ததும், ஒருவருக்கே பல கைத்துப்பாக்கி விற்றதாகக் கடைகள் அனுப்பும் அறிக்கைகளில் காலாவதியானவற்றின் பெயர்களை அழிக்காததும். முதலாவதை ஏடிஎஃப் அழித்துவிட்டது. மீறல்தான், ஆனால் ரகசியப் பட்டியல் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இதில் யார் பக்கம் நின்றாலும் ஒன்று மாறாது: மார்ட்டின்ஸ்பர்க்கில் நாளைக்கே தேடல் பொத்தானைப் போட்டாலும், 2021ல் மூன்றாவது கைக்காரர் வீட்டிலிருந்து திருடு போனதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது என்சிஐசி மட்டும், அதற்குத் தேவை உரிமையாளர் கையில் இருக்கும் நம்பர். 2017லிருந்து 2021 வரை தனிநபர்களிடமிருந்து திருடு போனதாகப் புகார் வந்ததே 10 லட்சத்துக்கு மேல். நம்பர் தெரியாததால் என்சிஐசிக்குள் போகாதவை அதற்கு வெளியே.

நெறியாளர்:
பதிவேட்டு வாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே நடைமுறைக் கேள்விகளோடு தொடரவும்.

கேள்விக்குறி:
சரி, நம்பர் எழுதி வைக்காமல் திருடு கொடுத்தவர் என்ன செய்வது?

இரும்புச்சத்தம்:
பிளாஸ்டிக் பெட்டி வீட்டில் இருந்தால் அதன் லேபிள். பில். வாங்கிய கடைக்குப் போய்க் கேட்டால் 4473ஐப் பார்த்துச் சொல்வார்கள், வாங்கிய மாதம் தெரிந்தால் சீக்கிரம் கிடைக்கும், ஏனென்றால் பல கடைகள் தேதி வரிசையில் அடுக்குகின்றன. கடை மூடியிருந்தால் ஏடிஎஃப் தனிநபருக்குச் சொல்லாது. பழுதுபார்க்கக் கொடுத்த கடையின் பதிவேட்டில் இருக்கலாம். வீட்டுக் காப்பீட்டில் தனியாகச் சேர்த்திருந்தால் அங்கே. கலிஃபோர்னியா என்றால் உங்கள் பெயரில் உள்ள பதிவை மாநில நீதித்துறையிடம் பிஓஎஃப் 053 படிவத்தில் கேட்கலாம். கிடைத்த உடனே அதே புகார் எண்ணைச் சொல்லி போலீஸில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னும் திருடு போகாதவர்களுக்கு: ஏடிஎஃப் 'பி 3312.8' என்று ஒரு சின்னப் பதிவுத்தாள் இலவசமாகத் தருகிறது. நிரப்பி நீங்களே வைத்துக்கொள்வது, யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம்பரைப் படம் எடுத்தால் ஃபிரேமில் உள்ளதை எடுங்கள். துப்பாக்கிப் பெட்டகத்துக்குள்ளேயே அந்தத் தாளை வைக்காதீர்கள், பெட்டகத்தோடு போய்விடும்.

மழைக்கோட்டு:
பழைய துப்பாக்கி தனிநபரிடம் வாங்குமுன் திருட்டா என்று பார்க்க முடியுமா?

இரும்புச்சத்தம்:
என்சிஐசி பொதுமக்களுக்குத் திறக்காது. ஃபுளோரிடாவில் மாநிலக் காவல் அமைப்பான எஃப்டிஎல்இ தன் இணையப் பக்கத்தில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்க்க விடுகிறது, ஆனால் அது ஃபுளோரிடா போலீஸ் பதிவு மட்டும். மற்ற இடத்தில் உள்ளூர் காவல் நிலையத்தில் நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம், சிலர் பார்த்துச் சொல்வார்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நம்பர் போதும்.

கேள்விக்குறி:
கடைசியாக ஒன்று. 4 வருடம் கழித்துக் கிடைத்தால் உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுப்பார்களா?

பதிவேடு பரமன்:
வழக்கு முடியும்வரை சாட்சிப்பொருள், அதன்பிறகுதான். பல துறைகள் திருப்பிக் கொடுக்குமுன் உங்களுக்குப் பின்னணிச் சோதனை செய்யும். இடையில் ஏதாவது தண்டனை வாங்கியிருந்தால் கிடைக்காது. காப்பீட்டில் பணம் வாங்கியிருந்தால் துப்பாக்கி பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்துடையது, வேண்டுமென்றால் அவர்களிடம் பணத்தைத் திருப்பிக் கட்டி வாங்க வேண்டும். கைக்கு வந்ததும் என்சிஐசியிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று புகார் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எடுக்காமல் விட்டால் அடுத்த போக்குவரத்துச் சோதனையில் உங்கள் துப்பாக்கிக்கே "திருட்டு" என்று பதில் வரும்.